நார்மல்னுதானே போட்டிருக்கு?

சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால், அது வீடு இல்லை. சத்திரம். என் அத்தை வீடு அப்படித்தான். பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரம். அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிற நாளில் அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் படுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுபத்தாறு வயதில் அத்தைதான் அத்தனை பேருக்கும் புளியோதரை கிண்டுவார். அப்புறம் வெயிலென்றும் பார்க்காமல் தெருவில் போய் நிற்பார். அழகரைப் பார்த்தாக வேண்டும்.

இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோனவர். எப்படி நிற்கிறார் என்று ஒரு வருஷம் கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டி, பேப்பர் உறைக்குள் போட்டுத் தருகிற "செட்". காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. திருவிழா என்றால் மத்தியானமும் ஒன்று.

"கிட்னிக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே அத்தை?"

"அதெல்லாம் டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சுய்யா. நார்மல்னுதானே போட்டிருக்கு?"

பீரோவிலிருந்து சீட்டையும் எடுத்துக் காட்டினார். இரண்டு வருஷம் முந்தியது. சீரம் கிரியேட்டினின் 1.2. பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லைக்குள்தான் இருந்தது. எனக்கும் நிம்மதி. ஏனென்றால், போன மாஸ்டர் செக்கப்பில் எனக்கும் அதே 1.2தான். டாக்டர் கைகொடுத்து அனுப்பியிருந்தார்.

திருவிழா முடிந்த ஐந்தாம் நாள் அத்தைக்குக் கால் வீங்கியது. முகமும் உப்பியது. சிறுநீர் சுண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிரியேட்டினின் 2.9.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு வைத்தியம் தெரியாது. ஆனால் நார்மல் என்று எழுதிக் கொடுத்த ஒரு கணக்கு எப்படிப் பொய்த்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. தேடத் தொடங்கினேன். தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடம், ஜெர்மனி. வருஷம் 1886.

*

அதற்கு முன்னால் கிட்னியைப் பற்றி நாலு வரி.

ஒரு கைப்பிடி அளவு. நூற்றைம்பது கிராம் எடை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே தள்ளுகின்றன. வேலைக்காரன் என்றால் அவன்தான் வேலைக்காரன். ஒரே ஒரு குறை. வாய் கிடையாது. இரைப்பை புண்ணானால் எரியும். பல் சொத்தையானால் தெருவே கேட்கும்படி கத்த வைக்கும். கிட்னி மெள்ள மெள்ளச் சாகும்போது வலிக்காது. (கல் வந்தால் உயிர் போகிறதே என்பீர்கள். அந்த வலி, கல் குழாயில் மாட்டிக்கொள்வதால் வருவது.)

பேசாத உறுப்பின் மனசை எப்படித் தெரிந்துகொள்வது? அது அனுப்புகிற தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். நம் சித்தர்கள் அதைத்தான் பார்த்தார்கள். நீர்க்குறி, நெய்க்குறி என்று தேரையர் பெயரில் இருக்கிற முறை அது. விடிகாலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல நீள்கிறதா, மோதிரம்போல வட்டமிடுகிறதா, முத்துப்போல நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்வார்கள். லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியின் ரிச்சர்ட் பிரைட்டும் சிறுநீரைத்தான் பார்த்தார். கரண்டியில் ஊற்றி, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலருடைய சிறுநீர் முட்டையின் வெள்ளைக்கருபோலக் கட்டிதட்டியது. அவர்கள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் கிட்னி சுருங்கிக் கிடந்தது. 1827-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். ரொம்ப நாளைக்குக் கிட்னி வியாதிக்கே "பிரைட் வியாதி" என்றுதான் பெயர்.

இப்போது 1886.

ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் கோனிக்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே மாக்ஸ் யாஃபே என்ற மருத்துவ வேதியியல் பேராசிரியர், சிறுநீரில் பிக்ரிக் ஆசிடைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிக்ரிக் ஆசிட் என்பது சாதாரண வஸ்து இல்லை. பீரங்கிக் குண்டுக்குள் அடைத்த சமாசாரம். சோடா உப்பின் வகையைச் சேர்ந்த காரத்தையும் கொஞ்சம் சேர்த்ததும் கலவை செக்கச் சிவந்தது. சிறுநீரிலிருந்த கிரியேட்டினின்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். கிரியேட்டினின் என்பது தசைகள் அன்றாடம் வெளியேற்றும் கழிவு. ரத்தத்தில் கலந்து, கிட்னி வழியாக வெளியேறிவிடும். வடிகட்டி அடைத்தால் ரத்தத்திலேயே தேங்கும். இத்தனை கிரியேட்டினின் இருந்தால் இத்தனை கிட்னி கெட்டிருக்கிறது என்று அளக்கும் யோசனையெல்லாம் யாஃபேவுக்கு இல்லை. நிறம் மாறுகிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். 1904-ல் அமெரிக்காவில் ஓட்டோ ஃபோலின்தான் அந்தச் சிவப்பை அளக்கக் கற்றுக்கொடுத்தார்.

இன்றைக்கும் நம்மூர் லேப்கள் பலவற்றில் நடப்பது யாஃபேவின் அதே சிவப்புதான். மெஷின் மட்டும் புதுசு.

அதே 1886. அதே ஜெர்மனி. ஆனால் மேற்குக் கோடி. ஸ்ட்ராஸ்பர்க்.

*

கான், ஹெப் என்று இரண்டு இளம் டாக்டர்கள். அவர்களிடம் ஒரு நோயாளி. வயிற்றில் பூச்சி. நாஃப்தலீன் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஆமாம், பீரோவில் போடுகிற அந்துருண்டை! அந்தக் கால வைத்தியம் அப்படி. மருந்துக்கடையிலிருந்து பொடி வந்தது. கொடுத்தார்கள். பூச்சி சாகவில்லை. ஆனால் நோயாளிக்கு இருந்த ஜுரம் சர்ரென்று இறங்கியது.

ஆச்சரியப்பட்டுப் பொடியை மோந்து பார்த்தால், நாஃப்தலீன் வாசனையே இல்லை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். வந்தது அசெட்டனிலைடு. சாயத் தொழிற்சாலையில் புழங்குகிற ரசாயனம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை மாற்றிக் கொடுத்ததால் ஒரு மருந்துப் பரம்பரையே பிறந்தது என்றால் நம்புவீர்களா? பிறந்தது. "ஆன்ட்டிஃபெப்ரின்" என்று பெயர் வைத்து விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். மலிவு. கூட்டம் அலைமோதியது. ஒரே தொல்லை, சிலருக்கு உதடும் நகமும் நீலமாகிவிடும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு சாயக் கம்பெனி. பேயர். அவர்கள் முற்றத்தில் சாயம் தயாரித்த மிச்சமாக முப்பதாயிரம் கிலோ பாரா நைட்ரோஃபினால் சும்மா கிடந்தது. கழிவு. இதை வைத்து அசெட்டனிலைடுபோல ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தார் கார்ல் டுயிஸ்பர்க் என்ற இளம் கெமிஸ்ட். முடிந்தது. உதடு நீலமாவது குறைந்தது. பெயர், ஃபெனாசிட்டின். 1888-ல் கடைக்கு வந்துவிட்டது. குப்பையிலிருந்து காசு! காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எழுந்து நின்று கைதட்டத்தான் தோன்றுகிறது. ஆஸ்பிரினுக்குப் பதினோரு வருஷம் முன்பே பேயரை மருந்துக் கம்பெனியாக்கியது இந்தச் சரக்குதான்.

பிற்பாடு ஆஸ்பிரின், ஃபெனாசிட்டின், காஃபின் மூன்றையும் சேர்த்து ஒரு மாத்திரை செய்தார்கள். ஏ.பி.சி. அறுபது வயது தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் கொடுத்த வெள்ளை மாத்திரை ஞாபகம் வரும்.

ஆக, ஒரே வருஷத்தில், ஒரே தேசத்தில், ஒரு பரம்பரை வலி மாத்திரையும் அது செய்யப்போகிற கெடுதலைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனையும் பிறந்தன. (விசித்திரம், அந்த இரண்டு ஊருமே இன்றைக்கு ஜெர்மனியில் இல்லை. கோனிக்ஸ்பர்க் ரஷ்யாவுக்குப் போய்க் கலினின்கிராட் ஆகிவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க் பிரான்ஸில்.) மாத்திரை கடைக்குப் போனது. பரிசோதனை லேபுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டும் சந்திக்க அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் நடந்ததுதான் கொடுமை.

*

ஸ்வீடனில் ஹுஸ்க்வார்னா என்று ஒரு சின்ன ஊர். ஊரே ஒரு ஃபாக்டரியை நம்பித்தான் இருந்தது. துப்பாக்கி செய்வார்கள். பிற்பாடு தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் எல்லாம். 1918-ல் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ அங்கேயும் வந்தது. ஃபாக்டரி டாக்டர் யோர்ட்டன் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். ஃபெனாசிட்டின், ஃபெனசோன், காஃபின். ஜுரம் விட்டது. ஃப்ளூவும் ஊரைவிட்டுப் போனது.

பொடி போகவில்லை.

போட்டால் தெம்பாக இருக்கிறது, வேலை வேகமாக ஓடுகிறது என்று தொழிலாளிகள் கண்டுகொண்டார்கள். செய்கிற அளவுக்குக் கூலி என்கிற இடத்தில் அதற்குமேல் என்ன வேண்டும்? காலையில் ஒரு பொட்டலம், டீ நேரத்தில் ஒன்று. நிறுத்தினால் தலை விண்விண்ணென்று வலிக்கும். அது காஃபின் செய்கிற வேலை. அந்தத் தலைவலிக்கும் அதே பொடி. பிறந்தநாளைக்கு யோர்ட்டன் பொடியை அழகாகக் கட்டிப் பரிசு கொடுக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. நாம் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பதுபோல.

முப்பது வருஷம் கழித்து அந்த ஊரில் கிட்னி கெட்டுச் செத்தவர்களின் எண்ணிக்கை கண்ணை உறுத்த ஆரம்பித்தது. டாக்டர் குர்ட் கிரிம்லுண்ட் உட்கார்ந்து கணக்கெடுத்தார். பொடி சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்று பிரித்தார். 1963-ல் அறிக்கை வந்தது. அதற்கு முன்பே, 1961-ல், டாக்டர் சீட்டு இல்லாமல் ஃபெனாசிட்டின் விற்கக்கூடாது என்று ஸ்வீடன் தடை போட்டுவிட்டது.

சந்தேகத்தை முதலில் எழுத்தில் வைத்தவர்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள். ஸ்பூலர், ஸோலிங்கர். 1953. பிணப் பரிசோதனை மேஜையில் ஒரே மாதிரி கெட்டுப்போன கிட்னிகள் வரிசையாக வருவதைப் பார்த்தார்கள். விசாரித்தால், எல்லோருமே வலி மாத்திரை சாப்பிட்டவர்கள். எல்லோரும் நம்பினார்களா? இல்லை. ஏற்கெனவே கிட்னி வியாதி இருந்ததால்தான் தலைவலி, அதனால்தான் மாத்திரை என்று எதிர்வாதம். கோழியா முட்டையா கதை.

இதைத் தீர்த்துவைக்கக் கிளம்பியவர் பாஸல் நகரத்து டாக்டர் டூபாக். 1968. அவர் செய்த புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "நீ மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். அத்தையும் டாக்டரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அதனால் வாயைக் கேட்காமல் சிறுநீரைக் கேட்டார். ஃபெனாசிட்டின் சாப்பிட்டால் அதன் சுவடு சிறுநீரில் இருக்கும். வேலைக்குப் போகிற, ஆரோக்கியமான, முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் அந்தச் சுவடு இருந்தவர்கள் 623 பேரையும், இல்லாதவர்கள் 621 பேரையும் எடுத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் விடாமல் ரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டே இருந்தார். கிரியேட்டினின் ஏறியது, கிட்னி கெட்டது, இறந்தது எல்லாம் முதல் கூட்டத்தில்தான் கூடுதல். ஆரம்பிக்கும்போது எல்லோருக்கும் நல்ல கிட்னி என்பதால் கோழி-முட்டை வாதம் அடிபட்டுப் போனது. இருபது வருஷக் கணக்கு 1991-ல் வெளிவந்தது. யாஃபேவின் சிவப்பு, ஃபெனாசிட்டினைக் கையும் களவுமாகப் பிடித்தது இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் மோசம். பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்று ஏ.பி.சி. பொடிகள் மளிகைக்கடையிலேயே கிடைத்தன. கணவனை அலுவலகத்துக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு, ஒரு கப் டீயோடு ஒரு பெக்ஸ். இல்லத்தரசிகளின் வழக்கம். 1965-ல் சிட்னியில் இதையே தலைப்பாக வைத்து ஒரு நகைச்சுவை மேடை நிகழ்ச்சிகூட நடந்தது. ஊர் சிரித்தது. மெல்பர்னில் பிரிஸில்லா கின்கெய்டு ஸ்மித் என்ற பெண் டாக்டர் சிரிக்கவில்லை. கிட்னி செயலிழந்து வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பொடி சாப்பிட்டவர் என்கிற நிலைமை அந்த நாட்டில். கல்யாணமான பெண் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் முழுநேர வேலை கிடைப்பதே கஷ்டம் என்கிற காலத்தில், கம்பெனிகளோடும் அரசாங்கத்தோடும் அந்த அம்மா மல்லுக்கட்டினார். 1979-ல் கலவைப் பொடிகளைக் கடையில் இஷ்டத்துக்கு விற்பது நின்றது. அப்புறம் புதிய நோயாளிகள் வருஷா வருஷம் குறைந்தார்கள்.

ஏழைத் தொழிலாளிக்கும் இல்லத்தரசிக்கும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். ஹோவர்டு ஹ்யூஸ் தெரியுமா? விமானம், சினிமா, சூதாட்ட விடுதி என்று அமெரிக்காவின் மாபெரும் கோடீஸ்வரர். 2004-ல் வந்த "ஏவியேட்டர்" படம் அவர் கதைதான். விமான விபத்து தந்த வலிக்காக ஆரம்பித்துக் கோடீன் ஊசிக்கு அடிமையானவர். ஃபெனாசிட்டின் கலந்த மாத்திரைகளும் வருஷக்கணக்கில் சாப்பிட்டவர். 1976 ஏப்ரலில் இறந்தார். எக்ஸ்ரேயில், கைக்குள் உடைந்த ஊசிமுனைகள் தெரிந்தன. சாவுக்குக் காரணம், கிட்னி செயலிழப்பு. கூடவே சம்பளத்துக்கு டாக்டர்களை வைத்திருந்தும் அதுதான் கதி.

இந்தியாவில் 1983-ல் ஃபெனாசிட்டின் தடை செய்யப்பட்டது. அமெரிக்காவும் அதே வருஷம்தான் விரட்டியது. வேடிக்கை என்னவென்றால், ஃபெனாசிட்டின் உடம்புக்குள் போய்ப் பெரும்பகுதி பாரசிட்டமாலாகத்தான் மாறுகிறது. வலி தீர்ப்பது அதுதான் என்று 1948-ல் பிராடி, ஆக்ஸல்ராட் இருவரும் காட்டினார்கள். அப்புறம்தான் உலகம் முழுக்கப் பாரசிட்டமால். ஸ்ட்ராஸ்பர்க் கடைக்காரர் செய்த தப்பின் பேரன் அது. அந்தக் குடும்பத்தில் கிட்னியைப் பொறுத்தவரை நல்ல பிள்ளை. அளவு மீறினால் கல்லீரலைக் கடித்துவிடும், அதை மறக்கக்கூடாது.

*

ஃபெனாசிட்டின் ஒழிந்தது, பிரச்னை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அத்தையின் சுருக்குப்பையில் இருந்தது ஃபெனாசிட்டின் இல்லையே. டைக்ளோஃபெனாக்.

இது வேறு குடும்பம். இபுப்ரூஃபன், அசிக்ளோஃபெனாக், பைராக்ஸிகாம் எல்லாம் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-ல் லண்டனில் ஜான் வேன் என்பவர் ஆஸ்பிரினை வைத்துக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்று ஒரு சரக்கு சுரக்கிறது. வலி, வீக்கம் எல்லாம் அதன் கைங்கரியம். மாத்திரை அதை நிறுத்துகிறது. வலி போகிறது. ஆனால் அதே புராஸ்டாகிளாண்டின் கிட்னியில் நல்ல வேலை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம்மூர்க் கண்மாயை வைத்துச் சொன்னால் புரியும். கிட்னிக்கு ரத்தம் வருகிற வாய்க்காலில் ஒரு மடை இருக்கிறது. வரத்து குறைந்தால் மடையை அகலத் திறந்துவிட்டு, வயல் காயாமல் பார்த்துக்கொள்கிற ஆள்தான் புராஸ்டாகிளாண்டின். வாலிப வயசு, நிறையத் தண்ணீர் குடிக்கிற உடம்பு என்றால் அவருக்கு அதிக வேலை இல்லை. இரண்டு நாள் மாத்திரை போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வயசாகி, இதயமோ கிட்னியோ தளர்ந்து, வெயிலில் தண்ணீரும் வற்றிவிட்டால் அவரை நம்பித்தான் கிட்னியே ஓடும். அப்போது பார்த்து மாத்திரை வந்து, "நீ வீட்டுக்குப் போ" என்று அவரை அனுப்பிவிடுகிறது.

அத்தைக்கு பி.பி. உண்டு. லோசார்ட்டானும், நீரை வெளியேற்றுகிற மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. நல்ல மாத்திரைதான். ஆனால் லோசார்ட்டான், வெளியே போகிற மடையைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை, கண்மாயின் மட்டத்தையே இறக்குகிறது. வலி மாத்திரை, உள்ளே வருகிற மடையை மூடுகிறது. மூன்றும் ஒரே உடம்பில். அதற்குமேல் சித்திரை வெயில்! 2000-ல் ஆஸ்திரேலிய மருத்துவப் பத்திரிகையில் மெர்லின் தாமஸ் என்ற டாக்டர் இந்த மூன்றும் சேர்வதற்கு "மூன்று அடி" என்கிற அர்த்தத்தில் ஒரு பெயரே வைத்து எச்சரித்தார். பி.பி. மாத்திரை எழுதியவர் ஒரு டாக்டர். வலி மாத்திரை கொடுத்தவர் கடைக்காரர். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக் மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இருக்கிறது. அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு போட்டு எழுதியே இருக்கும். உறைக்குள் நாலு துண்டாக வெட்டிப் போட்டால் கோடு எங்கே தெரியும்?

இதே டைக்ளோஃபெனாக் இந்தியாவின் கழுகுகளை என்ன செய்தது என்பது பத்திரிகைகளில் நிறைய வந்த கதை. கிட்னிக்கும் அந்தக் கதைக்கும் உள்ள சம்பந்தத்தை மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் வட இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. பரத்பூரில் விபு பிரகாஷ்தான் முதலில் கவனித்தார். பதினைந்தே வருஷத்தில் ஓர் இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காலி. வைரஸாக இருக்கும் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தானில் லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி செத்த கழுகுகளை அறுத்தார். உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் ஆசிட். கிட்னி செத்தால்தான் அப்படிப் படியும். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? கால்நடை டாக்டர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய், "கிட்னியைக் கெடுக்கிற மருந்து எதையாவது மாடுகளுக்குக் கொடுக்கிறீர்களா?" என்று விசாரித்தார்கள். பதில் கிடைத்துவிட்டது. அப்படிச் செத்த 25 கழுகுகளைச் சோதித்ததில் 25-லும் டைக்ளோஃபெனாக். வலிக்கு ஊசி போட்ட மாடு செத்தது, அதைத் தின்ற கழுகுக்குக் கிட்னி போனது. 2004-ல் "நேச்சர்" இதழில் வந்தது.

2006-ல் மாட்டு டைக்ளோஃபெனாக்குக்குத் தடை. மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்கே போட்டார்கள். 2015-ல், மனிதர்களுக்கான ஊசி 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக்கூடாது என்றது அரசு. கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. 2017-ல் தோற்றன. நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற கழுகுகளுக்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காவல். சுருக்குப்பைக்கு அப்படி ஒரு வழக்கு யார் போடுவது?

*

சரி, 1.2-க்கு வருவோம். இரண்டு வருஷம் முன்னால் அத்தை நார்மல்தானே?

ஆஸ்பத்திரியில் அந்தப் பழைய சீட்டை நீட்டினேன். இளம் டாக்டர். பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த ஒண்ணு புள்ளி ரெண்டு யாரோட ஒண்ணு புள்ளி ரெண்டு சார்?"

புரியவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது என்றேன் அல்லவா? தசை அதிகமுள்ள ஆளுக்குக் கழிவும் அதிகம். மெலிந்த கிழவிக்குக் குறைவு. குறைவாகவே உற்பத்தியாகி, அப்படியும் ரத்தத்தில் 1.2 நிற்கிறதென்றால், வடிகட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு ஒரு கணக்கு 1976-லேயே வந்துவிட்டது. கனடாவின் மான்ட்ரியலில், காக்ராஃப்ட் என்ற பயிற்சி டாக்டரும் கால்ட் என்ற அவருடைய பெரிய டாக்டரும் சேர்ந்து, 249 நோயாளிகளை வைத்துப் போட்டது. 140-லிருந்து வயதைக் கழி. எடையால் பெருக்கு. கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி, அதால் வகு. எட்டாம் வகுப்புப் பையன் போடுவான். (அந்த 249 பேரில் அநேகமாக எல்லோரும் ஆண்கள். பெண்களா, பதினைந்து சதவிகிதம் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். காக்ராஃப்ட் அப்புறம் ஆஸ்துமா நிபுணராகிவிட்டார்!)

முதலில் என் கணக்கு. வயது 45, எடை 80, கிரியேட்டினின் 1.2. விடை, நிமிஷத்துக்கு 88 மில்லி. பரவாயில்லை. அத்தைக்கு அப்போது 74. எடை 48. அதே 1.2. விடை 31.

திரும்பப் போட்டேன். 31.

இப்போது அதைவிடத் திருத்தமான சூத்திரங்கள் உண்டு. 2021-ல் வந்ததில் போட்டால் 47 காட்டுகிறது. எதில் போட்டாலும், மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட கிட்னி வியாதி. பல லேப்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டு "இ.ஜி.எஃப்.ஆர்." என்று கிரியேட்டினினுக்குக் கீழே அச்சடிக்கின்றன. அத்தையின் சீட்டில் அந்த வரி இல்லை.

கம்பெனி கணக்கில் ரிசர்வ் என்று ஒன்று உண்டு. நஷ்டம் வர வர அதிலிருந்து எடுத்துச் செலவழித்தால், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கடை நன்றாக நடப்பதாகத்தான் தெரியும். கிட்னியும் அப்படியே. ஏறக்குறைய பாதி போகும்வரை கிரியேட்டினின் நார்மல் எல்லையைத் தாண்டாமலே இருக்க முடியும். அத்தை இரண்டு வருஷமாக ரிசர்வில் ஓடிக்கொண்டிருந்தார். திருவிழா அன்றைக்கு அதுவும் தீர்ந்தது.

நல்ல வேளை, டயாலிசிஸ் வரை போகவில்லை. வலி மாத்திரையை நிறுத்தினார்கள். பி.பி. மாத்திரையைச் சில நாள் தள்ளிவைத்து, அளந்து நீர் ஏற்றினார்கள். 2.9 இறங்கி 2.1 ஆனது. ஒன்றரை மாதத்தில் 1.5. அதற்குக் கீழே வரவில்லை. வராது என்றார் டாக்டர்.

முழங்கால் வலி? அது அப்படியே இருக்கிறது. பாரசிட்டமால், அதுவும் எண்ணிக்கை சொல்லி. மேலுக்குத் தடவத் தைலம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிற பயிற்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். "ராத்திரி குத்து குத்துன்னு குத்துது. அந்த ஒத்த மாத்திரை கேட்குற மாதிரி இது கேட்க மாட்டேங்குதுய்யா" என்கிறார். பொய்யில்லை. அந்த மாத்திரை வலியைக் கேட்கும். அதனால்தான் ஹுஸ்க்வார்னாவில் பிறந்தநாளைக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷ எதிர்சேவைக்கும் போனேன். புளியோதரையை மருமகள் கிண்டினாள். அத்தை மாடியில் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். சுருக்குப்பை இடுப்பில்தான் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவரே பிரித்துக் காட்டினார். வெற்றிலை, பாக்கு, ஒரு இருபது ரூபாய் நோட்டு, நாலாக மடித்த லேப் சீட்டு.

"ஒண்ணு புள்ளி அஞ்சு. உன் கணக்குல போட்டுச் சொல்லுய்யா, எவ்வளவு வருது?"

கீழே அழகர் வந்துவிட்டார். சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.